மூத்தவர் இல்லை என்றொரு வரி

பிடரியில் பிடித்த வலி தோள்பட்டையைத் தாண்டி இடது முழங்கை வரைக்கும் இறங்கியிருந்தது. ஸாஃபி தலையில் பதினான்கு பச்சைச் செங்கல்லோடு வரப்பில் நின்றான். சுட்ட கல் என்றால் பதினெட்டு தூக்குவான். பச்சைக் கல் ஈரத்தைக் குடித்துக்கொண்டு கிடப்பது. பதினான்குக்கே கழுத்து நடுங்கும். அந்த ஊரில் ஜூன் குளிர்காலம், பனியில் முழங்கால் வரைக்கும் நனைந்து மரத்துப்போயிருந்தது. விடிந்ததிலிருந்து வயிற்றுக்குள் போனது சோற்றுப் பானையின் காந்தலில் ஊற்றிக் காய்ச்சிய தண்ணீர் ஒரு குவளை மட்டும்.

சூளையடியில் கல் அடுக்கிக்கொண்டிருந்த அவன் மனைவி ஹந்தா நிமிர்ந்து பார்த்தாள்.

"ம், ஆரம்பி."

"இறக்கி வெச்சிட்டு ஆரம்பிக்கிறேன்."

"இறக்கினா உக்காந்துடுவ. நின்னுக்கிட்டே சொல்லுய்யா. அங்க உனக்கு நாற்காலியா போடப் போறாங்க?"

ஸாஃபி தொண்டையைச் செருமிக்கொண்டான். "இங்க கூடியிருக்கிற பெரியவங்களே, தாய்மாருங்களே. உங்க முன்னாடி நான் எழுந்து நின்னதே ஒரு குத்தம். அந்தப் பழியை முதல்ல என் மேலேருந்து இறக்கி வெச்சுக்கிறேன்..."

"நடுவுல மூச்சு வாங்கின. அபராதம். இன்னும் நாலு கல்லு."

"மூச்சு வாங்கினதுக்கெல்லாம் அபராதமாடி?"

"ஆட்டுக்குட்டி மாதிரி வாங்கின. அந்தப் பொண்ணு வீட்டுப் பவுலி விடுவாரா?"

நாலு கல்லைக் கொண்டுவந்து அவன் தலைமேல் வைத்தாள். வைத்த பிறகு சும்மாட்டைச் சரிபண்ணிவிட்டாள். அந்த அளவுக்கு இரக்கம் உண்டு.

பெண் கேட்கப் போகும் வீட்டில் பையன் பக்கத்துக்கு ஒரு பேச்சாளர், பெண் பக்கத்துக்கு ஒரு பேச்சாளர். பையன் பக்கத்துக்காரர் பேசுவார். பெண் பக்கத்துக்காரர் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்து தப்புப் பிடிப்பார். தப்புக்குத் தப்பு அபராதம். அந்த நாட்டுக் காசில் ஐந்நூறு அரியாரி, ஆயிரம் அரியாரி, ஒரு தப்புக்கு அதற்கு மேல் போகாது. கூட்டம் சிரிக்கும். ஆனால் தப்பு அதிகமாகிவிட்டால் சிரிப்பு நின்றுவிடும். வாய் சரியில்லாத வீட்டுக்கு எப்படிப் பெண் கொடுப்பது என்ற யோசனை வந்துவிடும். பெண்ணான ஃபாராவின் அப்பாவுக்கு அந்த யோசனை ஏற்கெனவே வந்திருந்தது. மேட்டுநிலத்தில் ஆறு பசு வைத்துப் பால் விற்கிற மனிதர். ஆற்றங்கரையில் மண் தோண்டுகிற குடும்பத்துக்கு மகளைக் கொடுக்க மனசில்லை. ஃபாரா மூன்று மாதம் அழுத பிறகு ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். "ஒரு தடவை வரட்டும். பேசட்டும். எனக்குப் பிடிச்சா அன்னிக்கே சரி. பிடிக்கலேன்னா திரும்ப வர வேணாம்."

ஸாஃபியின் மகன் தோவோ அதற்குப் பிறகு சரியாகச் சாப்பிடவில்லை. இருபத்துநாலு வயதுப் பையன், ஒரு நாளைக்கு அறுநூறு கல் அறுக்கிறவன், தட்டில் பாதிச் சோற்றை வைத்துவிட்டு எழுந்துபோனான்.

கூலிக்குப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். பேர் வாங்கினவர் அரைச் சூளைக் கல்லின் விலை கேட்டார். இல்லாவிட்டால் சொந்தத்தில் ஒருவர் பேச வேண்டும். சொந்தத்தில் ஒருவர் இருந்தார். நாற்பது கல்யாணம் பேசினவர், ஒரு தடவைகூட மொத்தத்தில் ஆயிரம் அரியாரிக்கு மேல் அபராதம் கட்டாதவர். ஸாஃபியின் அண்ணன் ரலாய். அண்ணனும் தம்பியும் பேசி எட்டு வருஷமாகிவிட்டது.

அதற்குக் காரணம் ஒரு பள்ளம். அப்பா விட்டுப்போன ஆற்றோர வயல் இரண்டு பேருக்கும் பொது. ஒரு கோடையில், அண்ணன் வடக்கே கட்டிக்கொடுத்த மகளைப் பார்க்கப் போயிருந்த பத்து நாளில், ஸாஃபி அந்த வயலைத் தோண்டிக் கல் அறுத்துவிட்டான். இரண்டு ஆள் ஆழம். நல்ல களிமண், முப்பதாயிரம் கல் வந்தது. அதற்குப் பிறகு அங்கே நெல் நிற்கவில்லை, தண்ணீர்தான் நின்றது. ரலாய் திரும்பி வந்து, கரையில் நின்று, கொஞ்ச நேரம் பார்த்தார். திட்டவில்லை. போய்விட்டார்.

திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருக்கலாம். ஸாஃபிக்கு அது ஒரு குறை.

ஆகவே பேச்சு வகுப்பு. ஞாயிற்றுக்கிழமை கோவில் ஆராதனை முடிந்து பள்ளிக்கூடக் கட்டடத்தில், ஆறு வாரம். சொல்லித்தந்தவள் நோரோ. தபால் ஆபீஸில் முத்திரை குத்துகிறவள், ஸாஃபியைவிடப் பதினைந்து வயது இளையவள். முதல் நாள் எல்லாரையும் ஒவ்வொருவராக எழுந்து நிற்கச் சொன்னாள். பேச வேண்டாம், நின்றால் போதும். கடைக்காரர் ஒருவர் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப்பைக்குள் விட்டு எடுத்து விட்டு எடுத்துக்கொண்டிருந்தார். ஒரு வாத்தியார் ஒற்றைக்காலில் சாய்ந்தார். ஸாஃபி எழுந்து நின்றபோது நோரோ பேனாவைக் கீழே வைத்தாள்.

"இவரைப் பாருங்க எல்லாரும். கால் ரெண்டும் தரையில இருக்கு, தலை ஆடல. எங்க கத்துக்கிட்டீங்க?"

"தலையில கல்லு இருந்தா அப்படித்தாம்மா நிக்கணும்."

வகுப்பே சிரித்தது. அவனுக்கு வந்தது அந்த ஒரு பாடம்தான். மற்றதெல்லாம் மல்லுக்கட்டு. முதலில் பழி நீக்கம், அதற்குப் பிறகுதான் வணக்கம், அதற்குப் பிறகு நன்றி, கடைசியில்தான் வந்த விஷயம். 'பெண்ணைக் கொடுங்கள்' என்று நேராகக் கேட்டால் காட்டான். சுற்றிப்போக வேண்டும், ஆனால் வழி தவறக் கூடாது. மூன்றாம் வாரம் நோரோ சொன்னது வேறு மாதிரி இருந்தது. "எதிர்ல இருக்கிறவங்களுக்கு ஒரு பயம் இருக்கும். அதை அவங்க சொல்றதுக்கு முன்னால நீங்க சொல்லிடுங்க. அவங்க மனசை நீங்க எட்டிப் பாத்துட்டீங்கன்னு தெரிஞ்சாப் போதும், பாதி இறங்கி வந்துடுவாங்க." ஸாஃபி அதை நோட்டில் எழுதிக்கொண்டான். எழுதிய கையெழுத்து அவனுக்கே புரியவில்லை.

நாலாம் வாரம் பழி நீக்கத்தை ஆளுக்கு ஆள் எழுதிக்கொடுத்தாள். பேசுகிறவன் தனக்கு முந்தினவர்களிடம் அனுமதி கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும். அப்பா, சித்தப்பா, அண்ணன். ஒருவரை விட்டாலும் பழி.

"அப்பா இருக்காரா?"

"இல்ல."

"கூடப் பிறந்த மூத்தவங்க?"

ஸாஃபி ஜன்னல் பக்கம் பார்த்தான். "இல்ல."

நோரோ அப்படியே எழுதினாள். எனக்கு முந்திய தகப்பனும் இல்லை, எனக்கு மூத்தவரும் இல்லை, ஆகவே கடைசியில் நிற்க வேண்டிய நான் முன்னால் வந்து நிற்கிறேன். கேட்கவே நன்றாக இருந்தது. அந்த வரியைத்தான் அவன் எல்லாவற்றுக்கும் முன்னால் மனப்பாடம் செய்தான்.

ஹந்தா எழுத்தறியாதவள். காதால் கேட்டே முழுப் பேச்சும் அவளுக்கு அத்துப்படி. சந்தையில் கீரைக்காரியோடு பேரம் பேசுகிற குரலிலேயே அவள் பவுலியாக மாறி அவனை மடக்குவாள். அந்த வரி வரும்போது மட்டும் அபராதம் சொல்லாமல் கல்லைத் தட்டிக்கொண்டிருப்பாள். பெண் கேட்கப் போவதற்கு மூன்று நாள் முன்னால்தான் வாயைத் திறந்தாள்.

"அந்த வரியை மாத்துய்யா."

"எந்த வரி?"

"எந்த வரின்னு உனக்குத் தெரியும். நான் நேத்து அவர் வீட்டுக்குப் போயிட்டு வந்தேன்."

ஸாஃபி கல்லை இறக்கிவிட்டான். "யாரைக் கேட்டுப் போன?"

"நீ வயலைத் தோண்டினப்ப யாரைக் கேட்ட? தோவோ அவருக்கும் பிள்ளைதான். இன்ன நாள், இன்ன இடம்னு சொன்னேன்."

"என்ன சொன்னாரு?"

"கோழிக்குத் தவிடு வெச்சுக்கிட்டு இருந்தாரு. கேட்டுக்கிட்டாரு. வெச்சு முடிச்சுட்டு உள்ள போயிட்டாரு."

"அப்ப வர மாட்டாரு."

"வந்தா?"

"வர மாட்டாருடி. இப்பப் போய் ஒரு வரியை உருவினா முழுசும் சரியும். அடியில இருக்கிற கல்லு அது."

ஹந்தா கல் அடுக்கப் போனாள். அன்றைக்கு மீதி நேரம் அபராதமே சொல்லவில்லை. அது அவனுக்கு என்னவோ போல் இருந்தது.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஃபாரா வீட்டில் பாய் விரித்திருந்தார்கள். மேற்கே பெண் வீட்டார், கிழக்கே பையன் வீட்டார், நடுவில் இரண்டு எட்டு அகலத்துக்கு வெறுந்தரை. மாட்டுக்கொட்டகை வாசனையும் காப்பி வாசனையும் கலந்து வந்தது. பெண் பக்கம் முன்வரிசையில் பவுலி. கிழவர், பல் நாலு, கண்ணில் சிரிப்பு. ஃபாராவின் அப்பா அவருக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தோவோ வேர்த்துக்கொண்டிருந்தான், அந்தக் குளிரில்.

ஸாஃபி வெள்ளைப் போர்வையைத் தோளில் சரிபண்ணிக்கொண்டு எழுந்தான். இரண்டு காலையும் ஊன்றினான். தலையில் பதினெட்டுக் கல் இருப்பதாக நினைத்துக்கொண்டான்.

ஆரம்பம் நன்றாக வந்தது. பெரியவர்களையும் வீட்டையும் வாசலையும் விளித்தான். குரல் அவனுக்கே புதிதாக இருந்தது. பழி நீக்கத்துக்குள் இறங்கும்போது முதுகுக்குப் பின்னால் பாய் சரசரத்தது. யாரோ நகர்ந்து இடம் விட்டார்கள். எதிர்வரிசை முழுக்க ஒரு கணம் அவனைத் தாண்டிப் பார்த்தது. சபை சட்டென்று அமைதியானது. தன் பேச்சுக்குத்தான் அந்த அமைதி என்று நினைத்துக்கொண்டு ஸாஃபி நெஞ்சை நிமிர்த்தினான்.

"எனக்கு முந்திய தகப்பனும் இல்லை, எனக்கு மூத்தவரும் இல்லை, ஆகவே கடைசியில் நிற்க வேண்டிய நான்..."

எங்கோ ஒரு பெண் களுக்கென்று சிரித்து, போர்வையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பவுலி கையைத் தூக்கினார். "தம்பி, ஒரு நிமிஷம். நான் வயசானவன், கண்ணு மங்கல். உங்களுக்குப் பின்னால ஒருத்தர் இப்ப வந்து உக்காந்தாரே, தொப்பியைக் கழட்டி மடியில வெச்சுக்கிட்டு, உங்க மூக்கையே முகத்துல மாட்டிக்கிட்டு. அவரு யாரு? வாடகைக்குப் பிடிச்சீங்களா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஸாஃபியின் கழுத்து திரும்பாது. முழு உடம்பையும் திருப்பித்தான் பார்க்க வேண்டும். திருப்பிப் பார்த்தான். ரலாய். தலைமுடி முழுக்க நரைத்திருந்தது. எட்டு வருஷத்தில் எப்போது இவ்வளவு நரைத்தது என்று தெரியவில்லை. அண்ணன் அவனைப் பார்க்கவில்லை. மடியிலிருந்த தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹந்தா பக்கத்தில் தலை குனிந்திருந்தாள்.

சிரிப்பு அடங்கும்வரை பவுலி காத்திருந்தார். அப்புறம் அவர் குரலில் விளையாட்டு இல்லை.

"அபராதம் கிடக்கட்டும். உயிரோட இருக்கிற மூத்தவரை இல்லேன்னு சொல்லிட்டுப் பேசுற பேச்சைக் கேக்க எங்க பக்கத்துல காது இல்ல. ஒண்ணு பெரியவர் பேசட்டும். இல்லேன்னா காப்பி குடிச்சிட்டுக் கிளம்பலாம்."

ஃபாராவின் அப்பா கையை அவிழ்த்து முழங்காலில் வைத்துக்கொண்டார். எழுந்திருக்கப் போகிறவர் வைக்கிற மாதிரி.

ஸாஃபிக்கு ஆறு ஞாயிற்றுக்கிழமையும் நோட்டும் எங்கே போயின என்று தெரியவில்லை. பின்னால் முழங்கால் நெட்டி முறியும் சத்தம் கேட்டது. ரலாய் எழுந்து நின்றார்.

"பெரியவங்க கோவிச்சுக்கக் கூடாது. எங்க தம்பி பொய் சொல்லல. அந்த வரியை அவர் மனப்பாடம் பண்ணின நாள்ல நான் அங்க இல்ல. அதுக்கு முன்னால எட்டு வருஷமும் இல்ல. இப்பத்தான் வந்தேன், அதுவும் தாமதமா. தாமதமா வந்தவனுக்குத்தான் அபராதம், பேசினவருக்கு இல்ல." வழக்கத்துக்கு இரண்டு மடங்காக இரண்டாயிரம் அரியாரித் தாளை எடுத்து வெறுந்தரையில் வைத்தார். "மூத்தவனா நான் பேச வேண்டியதை இவருக்குக் குடுக்கிறேன். இவர் வாயே என் வாய். கேளுங்க."

உட்கார்ந்துவிட்டார். சபையில் 'ம்' என்று ஒரு முனகல் பரவியது. நல்ல பேச்சைக் கேட்டால் வருகிற முனகல். பவுலி தலையை அசைத்து அந்தத் தாளை மடித்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். தொழில் தெரிந்தவரைத் தொழில் தெரிந்தவர் பார்க்கிற பார்வை அது.

"இப்பக் காது வந்துடுச்சு. பேசுங்க தம்பி. ஆனா எங்க பெரியவங்க ஒண்ணு கேக்கச் சொன்னாங்க, அதையும் சேத்துச் சொல்லிடுங்க. உங்க பக்கம் ஆத்தோரத்துல ஒரு குளம் இருக்காம். வாத்து நீந்துதாம். முன்னால அது வயலா இருந்துச்சுன்னு பேச்சு. அந்த வீட்டுல எங்க பொண்ணு காலை ஊன்ற அளவுக்குத் தரை மிச்சம் இருக்குமா?"

இதற்கு நோட்டில் பதில் இருந்தது. மண் கல்லாகி, கல் வீடாகி, வீடு நிழலாகி என்று அழகாக ஒரு பக்கம். ஸாஃபி வாயைத் திறந்தான். அந்தப் பக்கம் வரவில்லை. மூன்றாம் வாரத்துக் கையெழுத்துதான் வந்தது, புரியாத கையெழுத்து. ஃபாராவின் அப்பாவின் முகத்தைப் பார்த்தான். அந்த ஆளுக்குப் பயம் என்று அப்போதுதான் பட்டது. கோபம் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தான்.

"அந்தக் குளத்தை வெட்டினது நான்தாங்க" என்றான். "எங்க அப்பா வயல். எனக்கு மட்டும் சொந்தமில்ல. கேக்கணும், கேக்கல. கேட்டா வேணாம்னு சொல்லிடுவாங்கன்னு தெரிஞ்சுதான் கேக்கல. முப்பதாயிரம் கல்லு எடுத்தேன். வித்த காசு ஒரு மழைக்காலம் தாங்குச்சு. அந்த வயல் இருந்தவரைக்கும் நாங்க அரிசி வாங்கினதில்ல. இப்ப எட்டு வருஷமா படியால அளந்து வாங்கித் திங்கிறோம். தப்பு. அதுக்கு அலங்காரமா சொல்ல ஒண்ணும் இல்ல."

ஸாஃபி போர்வையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு தொடர்ந்தான்.

"பொண்ணு எங்க வீட்டுல கல்லு சுமக்காதுன்னு சொன்னா அது பொய். சுமக்கும். என் பெண்டாட்டி சுமக்கிறா, எனக்குக் கழுத்து திரும்பாது, நீங்களே பாத்தீங்க. ஆனா தோவோ என்னை மாதிரி இல்ல. இப்ப மண்ணு எடுக்கிற இடத்துல மேல்மண்ணைத் தனியா ஒதுக்கி வெச்சு, எடுத்து முடிச்சதும் திருப்பிப் போட்டுக் குடுக்கிறான். அவன் தொட்ட மூணு வயல்லயும் இந்த வருஷம் நெல்லு நிக்குது, வந்து பாருங்க. உங்க பொண்ணைக் கேக்காம அந்த வீட்டுல ஒரு கூடை மண்ணை அவன் எடுக்க மாட்டான். கேக்காம எடுத்தா என்ன ஆகும்னு பக்கத்துலயே இருந்து பாத்து வளந்தவன்."

பவுலி தன் பக்கம் திரும்பிப் பார்த்தார். ஃபாராவின் அப்பா முழங்காலிலிருந்து கையை எடுத்தார். பிறகு ஒரே ஒரு தடவை தலையை அசைத்தார். உள்அறையில் ஃபாரா தடாலென்று எதையோ கீழே போட்டாள்.

"எங்க பக்கம் சம்மதம்" என்றார் பவுலி. "ஆனா இவ்வளவு நேராப் பேசுனதுக்கு ஆயிரம் அரியாரி அபராதம். சுத்திப் போகத் தெரியாத ஆளு நீங்க."

ஹந்தா இடுப்பிலிருந்து தாளை எடுத்து நீட்டிய வேகத்தில் எல்லாரும் மறுபடி சிரித்தார்கள்.

சோறு போடத் தொடங்கினார்கள். ஸாஃபி கையைக் கழுவிவிட்டு நிமிர்ந்தபோது ரலாய் கொட்டகையைத் தாண்டி வேலிப்படல் பக்கம் போய்க்கொண்டிருந்தார். ஸாஃபி வேகமாக நடந்து பிடித்தான்.

"சாப்பிட்டுப் போண்ணே."

"கோழிக்குத் தவிடு வைக்கல."

"நீ இல்லேன்னா இன்னிக்கு..."

"நல்லாத்தான் பேசின" என்றார் ரலாய். தொப்பியைக் கையில் வைத்துச் சுழற்றிக்கொண்டிருந்தார். "வயல் விஷயத்தைச் சொன்ன பாரு, நாற்பது கல்யாணத்துல நான் அப்படிப் பேசினதில்ல."

"மனசுல இருந்ததைச் சொன்னேண்ணே."

"ஆமா. அவங்களைப் பாத்துச் சொன்ன." தொப்பியைப் போட்டுக்கொண்டார். "நான் பின்னாடி உக்காந்திருந்தேன்."

ஸாஃபி வாயைத் திறந்தான். பழி நீக்கம் முழுக்க அவனுக்குத் தலைகீழாகத் தெரியும். ஊர்ப் பெரியவர்களுக்கு உண்டு, பெண் வீட்டு வாசலுக்கு உண்டு, செத்துப்போன முன்னோருக்கு உண்டு. ஒற்றை ஆள் எதிரில் நின்றால் சொல்வதற்கு ஒன்றும் நோரோ எழுதிக்கொடுக்கவில்லை. உள்ளேயிருந்து பவுலி கூப்பிட்டார். "மாப்பிள்ளை அப்பா எங்கய்யா? நீங்க உக்காராம நாங்க சோத்துல கை வைக்க முடியாது."

"போ" என்றார் ரலாய். "கூப்பிடுறாங்க."

அவர் மேட்டை விட்டு இறங்கிப் போவதை ஸாஃபி பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு உள்ளே போய் உட்கார்ந்தான்.

திங்கட்கிழமை ஹந்தா, அண்ணன் கட்டிய அபராதத்துக்கு ஈடாக இரண்டாயிரம் அரியாரியை அவர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். வாங்கிக்கொண்டாராம். அந்தக் கணக்கு தீர்ந்தது. ஸாஃபி பதினெட்டுக் கல்லைத் தலையில் ஏற்றிக்கொண்டு, அந்தப் பள்ளத்தை ஒட்டிய வரப்பில் கழுத்தைத் திருப்பாமல் நடந்தான். அண்ணனுக்கு அவன் தர வேண்டியது ஒரு மன்னிப்பு. முகத்துக்கு நேராக. அது இன்னும் பாக்கி.